ஆய்வாளரின் எண்ணை எப்படி வாசிப்பது? வாசகர் கேள்வி, எங்கள் பதில்

மருத்துவ ஆராய்ச்சியாளர்களின் கட்டுரைகள், மேற்கோள் கணக்கு, சஞ்சிகைத் தரம் ஆகியவை பற்றி மலையகத்தின் பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்தன. அவற்றில் எட்டுக்கு இங்கே பதில் தருகிறோம்.

எங்கள் ஊரில் பிறந்து வெளிநாட்டில் மருத்துவ ஆராய்ச்சி செய்யும் ஒருவரைப் பற்றிய செய்தியில் "எச்-சுட்டெண் 24, மேற்கோள்கள் 2,300" என்று போட்டிருந்தார்கள். இதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? இது பெரிய எண்ணா?
– உயர்தர உயிரியல் மாணவி, ஹட்டன்

ஒவ்வொரு ஆய்வுக்கட்டுரையின் கடைசியிலும், அதற்கு முன் வந்த எந்தெந்தக் கட்டுரைகளைப் பயன்படுத்தினார்கள் என்ற பட்டியல் இருக்கும். உங்கள் கட்டுரை இன்னொருவரின் பட்டியலில் ஒரு தடவை இடம்பெற்றால் அது ஒரு மேற்கோள். 2,300 என்றால் அவருடைய எல்லாக் கட்டுரைகளும் சேர்ந்து அத்தனை தடவை இடம்பெற்றிருக்கின்றன.

எச்-சுட்டெண் வேறு கணக்கு. 2005இல் ஹோர்கே ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர் அதை முன்வைத்தார். கட்டுரைகளை மேற்கோள் கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். ஒருவரிடம் பத்துக் கட்டுரைகள் இருக்கின்றன, மேற்கோள்கள் 61, 34, 18, 12, 9, 7, 6, 3, 1, 0 என்று வையுங்கள். மேலிருந்து எண்ணுங்கள். ஆறாவது கட்டுரைக்கு 7 மேற்கோள், ஆறைவிடக் குறையவில்லை. ஏழாவது கட்டுரைக்கு 6தான், ஏழுக்கு ஒன்று குறைகிறது. அங்கே நிறுத்த வேண்டும். எச்-சுட்டெண் 6. மொத்த மேற்கோள் 151. ஆய்வுக்கட்டுரைகளைத் தேடும் தளமான கூகுள் ஸ்கொலர் காட்டும் ஐ10-சுட்டெண் என்பது பத்து மேற்கோளுக்குக் குறையாத கட்டுரைகளின் எண்ணிக்கை. இவருக்கு அது 4.

இதே பட்டியலில் முதல் கட்டுரையின் 61 மேற்கோள் 600 ஆனாலும் எச்-சுட்டெண் அசையாது. ஏழாவது கட்டுரைக்கு ஒரே ஒரு மேற்கோள் கூடினால் 7 ஆகிவிடும். ஒரு பெரிய கட்டுரையின் வீச்சு இந்த எண்ணில் தெரியாது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

இனி நீங்கள் கேட்டவருக்கு வருவோம். சுட்டெண் 24 என்றால் 24 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 24 மேற்கோள் பெற்றிருக்கின்றன. அதற்கு 576 மேற்கோள் போதும். மீதி 1,724 எங்கே இருக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டிய இடம். அவருடைய கூகுள் ஸ்கொலர் பக்கத்தைத் திறந்து முதல் நான்கைந்து வரிகளைப் பாருங்கள். 2,300இல் 1,500 ஒரே கட்டுரையில் குவிந்திருந்தால், அந்தக் கட்டுரையில் அவர் பெயர் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். மருத்துவ உயிரியலில் முதல் பெயர் பெரும்பாலும் ஆய்வைக் கையால் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வுக்குழுத் தலைவருடையது. உலக நோய்ச்சுமை மதிப்பீடு போன்ற பன்னாட்டுக் கட்டுரைகளில் நூற்றுக்கணக்கானோர் பெயர் இருக்கும். அவற்றுக்கு ஆயிரக்கணக்கில் மேற்கோள் வரும். அந்த உழைப்பும் உண்மையானதே. ஆனால் அந்த எண் முழுவதையும் ஒருவர் கணக்கில் எழுத முடியாது.

பெரிய எண்ணா என்பதற்கு, அவர் எந்தத் துறை, ஆய்வைத் தொடங்கி எத்தனை வருடம் என்று தெரியாமல் யாரும் பதில் சொல்லக் கூடாது. 20 வருடத்தில் 20 என்பது வெற்றிகரமான ஆய்வாளரின் அடையாளம் என்று ஹிர்ஷ் எழுதினார். அது பௌதிகவியலாளர்களை வைத்துச் சொன்ன அளவு. புற்றுநோய் உயிரியலில் கட்டுரைகள் குவிகின்றன, ஒவ்வொன்றின் பட்டியலும் நீளம், அதனால் எண் வேகமாக ஏறும். ஒட்டுண்ணி வகைப்பாட்டில் மெதுவாகத்தான் ஏறும்.

எச்-சுட்டெண் குறையுமா?
– வாசகர், பதுளை

குறையாது. ஓய்வு பெற்ற பிறகும் ஏறும், ஆள் இறந்த பிறகும் ஏறும். இரட்டிப்பாகப் பதிந்த கட்டுரையையோ வேறொருவருடைய கட்டுரையையோ நீக்கித் திருத்தினால் மட்டும் இறங்கும். இதனால்தான் இளையவரையும் மூத்தவரையும் வெறும் எண்ணால் ஒப்பிடுவது அநியாயம். முதல் கட்டுரை வந்த வருடத்திலிருந்து எண்ணி வகுத்துப் பாருங்கள்: 8 வருடத்தில் 12 எடுத்தவருக்கு வருடத்துக்கு 1.5, 32 வருடத்தில் 20 எடுத்தவருக்கு ஏறக்குறைய 0.6. பிள்ளைப்பேற்றுக்காகவோ நோயாலோ ஆய்விலிருந்து விலகியிருந்த வருடங்களைக் கழித்துவிட்டு வகுப்பதே நேர்மை.

ஒரே ஆளுக்கு கூகுள் ஸ்கொலரில் 412, ஸ்கோப்பஸில் 268, வெப் ஒஃப் சயன்ஸில் 231 என்று மேற்கோள் காட்டுகிறது. எது சரி?
– பட்டப்பின் மாணவர், பேராதனை

மூன்றும் தத்தம் அளவில் சரியாக இருக்கலாம். எதை எண்ணுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். ஸ்கோப்பஸ், வெப் ஒஃப் சயன்ஸ் என்ற இரண்டு மேற்கோள் தரவுத்தளங்களும் தாங்கள் தெரிந்தெடுத்த சஞ்சிகைகள், மாநாட்டுத் தொகுப்புகள், நூல்களை மட்டும் எண்ணுகின்றன. கூகுள் ஸ்கொலர் இணையத்தில் அகப்படும் ஆய்வேடு, முன்பதிப்பு (சஞ்சிகையில் வருமுன் இணையத்தில் இடும் கட்டுரை), அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்து எண்ணும். ஆகவே ஸ்கொலர் எண் கூடுதலாக வருவது வழமை. அதில் குப்பையும் இருக்கும், மற்ற இரண்டும் தவறவிட்ட உள்ளூர் மேற்கோளும் இருக்கும்.

சோதிக்கும் வழி இது. மூன்றிலும் ஒரே கட்டுரையை எடுங்கள். ஆகக் கூடுதலாக மேற்கோள் பெற்ற கட்டுரை நல்லது. ஸ்கொலரில் அந்த மேற்கோள் எண்ணை அழுத்தினால் பட்டியல் திறக்கும். முதல் 30 வரியை வாசியுங்கள். முன்பதிப்பும் சஞ்சிகைப் பதிப்பும் தனித்தனியாக இரண்டு தடவை எண்ணப்பட்டிருக்கிறதா? ஒரே ஆய்வேடு இரண்டு முகவரிகளில் நிற்கிறதா? பிறகு அந்த ஆளின் பக்கத்துக்குப் போய் கட்டுரைத் தலைப்புகளை மேலிருந்து கீழே ஓட்டுங்கள். எலிக்காய்ச்சல் ஆய்வாளரின் பக்கத்தில் கொங்கிரீட் பற்றிய கட்டுரை நின்றால், அதே பெயருள்ள வேறொருவருடையது உள்ளே வந்துவிட்டது. ஸ்கொலர் பக்கத்தை உரியவரே திருத்தலாம். தானாகச் சேர்க்க விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காதவர்களின் பக்கங்களில்தான் இது நடக்கிறது.

அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் தேடல் தளமான பப்மெட்டைப் பலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அது கட்டுரையைத் தேடுவதற்கான இடம், மேற்கோள் எண்ணுவதற்கு அதை நம்ப வேண்டாம்.

என் பெயரில் வந்த ஏழு கட்டுரைகள் ஸ்கோப்பஸில் மூன்று வெவ்வேறு ஆட்களாகப் பிரிந்து கிடக்கின்றன. ஒன்றில் அப்பாவின் பெயரே ஆசிரியர் பெயராக நிற்கிறது. எப்படிச் சேர்ப்பது?
– ஆய்வு உதவியாளர், புசல்லாவை

எங்கள் பெயர் முறையை அந்தத் தரவுத்தளங்கள் அறியா. அதனால் வரும் இழப்பு உண்மையான இழப்பு, ஆகவே விரிவாகச் சொல்கிறோம்.

அங்கே ஒவ்வொருவருக்கும் குடும்பப் பெயர் ஒன்று உண்டு, அது கடைசியில் வரும் என்று கணினி எடுத்துக்கொள்கிறது. எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, தந்தை பெயர்தான். தந்தை கருப்பையா, மகள் செல்வி என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். "கருப்பையா செல்வி" என்று அனுப்பினால் பட்டியலில் "செல்வி, க." என்று வரும். அதை மாற்றி "செல்வி கருப்பையா" என்று அனுப்பினால் "கருப்பையா, செ." ஆகிவிடும். அப்பா ஆய்வாளராகிவிடுகிறார். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்தால் மூன்றாவது ஆள் பிறக்கிறார். ஆங்கில எழுத்துக்கூட்டல் இன்னொரு பொறி: ராஜாவின் கடைசியில் எச் போட்டும் போடாமலும், புனிதாவின் "தா"வுக்கு வெறும் டீ போட்டும் டீயோடு எச் சேர்த்தும் எழுதுகிறோம். எங்களுக்கு ஒரே பெயர், கணினிக்கு இரண்டு.

செய்ய வேண்டியவை, இந்த வரிசையில்:

முதலில் ஒரு வடிவத்தைத் தீர்மானியுங்கள். எழுத்துக்கூட்டலோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். உங்கள் சொந்தப் பெயர் கடைசியில் நிற்கும்படி, தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுவது எங்கள் வழக்கத்துக்கும் ஒத்துவரும், தரவுத்தளத்துக்கும் ஒத்துவரும். ஏற்கெனவே நான்கு கட்டுரை ஒரு வடிவத்தில் வந்திருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். கல்யாணத்தால் அடையாள அட்டைப் பெயர் மாறினாலும் கட்டுரைப் பெயரை மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை.

அடுத்து ஓர்கிட் இலக்கம் எடுங்கள். அது ஆய்வாளர் ஒருவருக்கென்றே தரும் அடையாள இலக்கம். இலவசம், பத்து நிமிட வேலை. 16 இடங்கள், நான்கு நான்காகப் பிரிந்திருக்கும். கடைசி இடம் சரிபார்ப்புக்கானது, சிலருக்கு அதில் எக்ஸ் என்ற எழுத்து வரும், அது பிழையல்ல. பதியும்போது பல்கலைக்கழக மின்னஞ்சலோடு உங்கள் சொந்த மின்னஞ்சலையும் கொடுங்கள். வேலை மாறி பல்கலைக்கழக முகவரி நின்றுபோனால், உள்ளே போக வழியில்லாமல் இரண்டாவது இலக்கம் எடுப்பவர்கள் உண்டு. அது பிரச்சினையை இரட்டிப்பாக்கும். "வேறு பெயர்கள்" என்ற பகுதியில் இதுவரை அச்சான எல்லா வடிவங்களையும் எழுதுங்கள். பிறகு ஏழு கட்டுரைகளையும் அவற்றின் டீஓஐ இலக்கத்தை இட்டுச் சேருங்கள். அது 10 என்று தொடங்கும் இலக்கம், கட்டுரையின் முதல் பக்கத்தில் இருக்கும். எல்லோருக்கும் தெரியும்படி வைக்காவிட்டால் பிரயோசனம் குறைவு, அந்தத் தெரிவையும் பாருங்கள்.

கடைசியாக ஸ்கோப்பஸ். ஆசிரியர் தேடலில் மூன்று வடிவங்களையும் தனித்தனியாகத் தேடி, மூன்று பக்கங்களையும் தெரிந்து, ஒன்றாக்கும்படி கோரிக்கை அனுப்புங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. கட்டுரைகளை ஒவ்வொன்றாக "என்னுடையது, என்னுடையதல்ல" என்று குறிக்கச் சொல்லும். திருத்தம் வர நாட்கள் எடுக்கும், சிலவேளை வாரங்கள். தந்தை பெயரில் நிற்கும் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். அதை நீங்கள் தேடாவிட்டால் வேறு யாரும் தேட மாட்டார்கள்.

இதற்குப் பிறகு அனுப்பும் ஒவ்வொரு கட்டுரையிலும் ஓர்கிட் இலக்கத்தைக் கொடுங்கள். இணை ஆசிரியராக இருக்கும்போது அனுப்புபவர் வேறொருவர். அவர்தான் பெயரைத் தலைகீழாகப் போடுவார். அனுப்பும் முன் பெயர்ப் பகுதியையும், அச்சுக்கு முன் வரும் சரிபார்ப்புப் படியையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அச்சான பிறகு பெயரைத் திருத்துவது பெரிய பாடு. நிறுவனப் பெயரும் அப்படித்தான்: திணைக்களம், பீடம், பல்கலைக்கழகம், ஊர், நாடு என்று ஒரே ஒழுங்கில் எல்லோரும் எழுத வேண்டும்.

"ஐந்து நாளில் பிரசுரம், இம்பெக்ட் ஃபெக்டர் 6.8" என்று ஒரு சஞ்சிகையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. கட்டணம் கேட்கிறார்கள். அனுப்பலாமா?
– எம்ஃபில் மாணவி, கம்பளை

அனுப்பாதீர்கள். ஐந்து நாளில் இரண்டு நிபுணர்கள் வாசித்து, குறை சொல்லி, நீங்கள் திருத்தி, மறுபடி அவர்கள் பார்ப்பது நடக்காத காரியம். அந்த வாக்குறுதியே போதிய சாட்சி.

இம்பெக்ட் ஃபெக்டர் என்பது யூஜின் கார்ஃபீல்ட் தொடக்கிவைத்த கணக்கு. இப்போது அதை வெளியிடுவது கிளாரிவேட் நிறுவனம் மட்டுமே. ஒரு சஞ்சிகை 2022இல் 80, 2023இல் 100 கட்டுரைகள் வெளியிட்டது, அந்த 180 கட்டுரைகளுக்கு 2024ஆம் வருடத்தில் 450 மேற்கோள் வந்தது என்றால், 2024க்கான எண் 450ஐ 180ஆல் வகுத்தது, அதாவது 2.5. இது சஞ்சிகையின் சராசரி. உள்ளே உள்ள ஒரு கட்டுரையின் தரம் அல்ல. சராசரி எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு அக்டா கிறிஸ்டலோகிராஃபிக்கா ஏ என்ற சஞ்சிகையே சாட்சி. 2008இல் அதன் எண் ஏறக்குறைய 2. அடுத்த வருடம் 49ஐத் தாண்டியது. அதற்குக் காரணம், படிகவியல் மென்பொருள் ஒன்றைப் பற்றி 2008இல் அதில் வந்த ஒரே ஒரு கட்டுரையை உலகமெங்கும் மேற்கோள் காட்டினார்கள். மற்றக் கட்டுரைகள் அப்படியேதான் இருந்தன.

போலிகள் "உலக", "சர்வதேச", "பிரபஞ்ச" என்று அடைமொழி சேர்த்து வேறு எண்ணைப் போடுவார்கள். சோதிக்க: ஸ்கோப்பஸின் சஞ்சிகைப் பட்டியல் இலவசமாகத் திறக்கும், சஞ்சிகையின் அடையாள இலக்கமான ஐஎஸ்எஸ்என்னை இட்டுத் தேடுங்கள். "நிறுத்தப்பட்டது" என்று குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். கிளாரிவேட்டின் சஞ்சிகைப் பட்டியலிலும் அதே இலக்கத்தால் தேடலாம். திறந்த அணுக்கச் சஞ்சிகை (எவரும் இலவசமாக வாசிக்கக்கூடியது) என்றால், அத்தகைய சஞ்சிகைகளுக்கான டோஜ் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். "பப்மெட்டில் வருகிறோம்" என்றால் ஏமாறாதீர்கள்; ஆய்வுக்கு நிதி கொடுத்தவரின் நிபந்தனையால் தனிக் கட்டுரை சில பப்மெட்டுக்குள் வரும், அதனால் அந்தச் சஞ்சிகை, தெரிவுசெய்த சஞ்சிகைகளை மட்டும் சுட்டும் மெட்லைனில் தெரிவானதாகாது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் சஞ்சிகை விவரக் கோவையில் "தற்போது மெட்லைனில் சுட்டப்படுகிறது" என்ற வரி இருக்க வேண்டும்.

நல்ல சஞ்சிகையின் பெயரையும் இலக்கத்தையும் திருடிப் பொய்த்தளம் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். ஆகவே மின்னஞ்சலில் வந்த இணைப்பை அழுத்தாமல், பட்டியலில் உள்ள முகவரி வழியாகவே சஞ்சிகைக்குள் போங்கள்.

ஒருமுறை அனுப்பிவிட்டால் மீட்பது கஷ்டம். திரும்பப் பெறக் காசு கேட்பார்கள், கேட்காமலே அச்சிட்டும் விடுவார்கள். அச்சானதை நல்ல சஞ்சிகைக்கு மறுபடி அனுப்பினால் இரட்டைப் பிரசுரம் என்று நிராகரிப்பார்கள். இரண்டு வருட உழைப்பு அங்கேயே முடங்கிவிடும்.

தோட்டப் பெண்களின் இரத்தச்சோகை பற்றி நாங்கள் சேர்த்த தரவை வைத்து ஒரு கட்டுரை வந்தது. ஆறு வருடத்தில் நான்கே நான்கு மேற்கோள். அந்த வேலைக்குப் பெறுமதி இல்லையா?
– குடும்பநல உத்தியோகத்தர், தலவாக்கலை

பெறுமதி இருக்கிறது. அந்த நான்கு என்ற எண்ணால் அதை அளக்க முடியாது.

மேற்கோள் யாரிடமிருந்து வருகிறது என்று யோசியுங்கள். கட்டுரை எழுதுபவர்களிடமிருந்து மட்டும்தான். உங்கள் கட்டுரையை வாசித்து இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் ஒழுங்கை மாற்றிய சுகாதார வைத்திய அதிகாரி கட்டுரை எழுதவில்லை, ஆகவே அது எங்கும் பதிவாகாது. இலங்கையில் உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. அதற்காகக் கிராமம் கிராமமாக இரத்தப் பூச்சு எடுத்தவர்களின் வேலை மேற்கோள் கணக்கில் எங்கே இருக்கிறது?

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். உலகில் ஆகக் கூடுதலாக மேற்கோள் பெற்ற ஆய்வுக்கட்டுரை 1951இல் லவ்ரியும் கூட்டாளிகளும் எழுதியது. மூன்று இலட்சத்தைத் தாண்டியிருக்கிறது. அதில் நோய்க்கு மருந்து எதுவும் இல்லை, புரதத்தை அளக்கும் ஒரு முறைதான். ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் தேவைப்பட்டது, எல்லோரும் குறிப்பிட்டார்கள். முறைகளும் தொகுப்புக் கட்டுரைகளும் எப்போதும் மேலே நிற்பது இதனால்தான். மேற்கோள் எல்லாம் பாராட்டும் அல்ல. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசியை ஓட்டிசத்தோடு தொடர்புபடுத்தி 1998இல் லான்செட்டில் வந்த கட்டுரையை 2010இல் சஞ்சிகையே மீளப்பெற்றது. அதன் மேற்கோள்களில் பெரும்பகுதி அதை மறுத்து எழுதியவர்களுடையது.

ஒப்பிடத்தான் வேண்டுமென்றால் துறைக்கு ஏற்பச் சீராக்கிய எண்ணைக் கேளுங்கள். ஸ்கோப்பஸ் தரவில் கணக்கிடுவதில் உலகச் சராசரி 1.00, அதே துறை, அதே வருடம், அதே வகைக் கட்டுரைகளோடு மட்டும் ஒப்பிடும். 1.3 வந்தால் சராசரியைவிட 30 வீதம் கூட. ஆனால் ஒரேயொரு கட்டுரைக்கு இதைப் பெரிதாக எடுக்க வேண்டாம், ஒரு மேற்கோள் கூடினாலே துள்ளும்.

உங்கள் அடுத்த கட்டுரை தேடுபவரின் கையில் கிடைக்க ஒரு வேலை செய்யலாம். சுருக்கத்திலும் திறவுச் சொற்களிலும் இலங்கை, தேயிலைத் தோட்டம், பெண்கள், இரத்தச்சோகை என்ற நான்கும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். மாவட்டப் பெயரை மட்டும் போட்டுவிட்டு நாட்டை விட்டால், கென்யாவிலோ அசாமிலோ இதே பிரச்சினையை ஆராய்பவர் உங்களைக் காண மாட்டார். 1887இலிருந்து வரும் சிலோன் மெடிக்கல் ஜேர்னல் போன்ற நம் நாட்டுச் சஞ்சிகைக்கு அனுப்புவதில் குறைவொன்றும் இல்லை. இங்கே முடிவெடுப்பவர்கள் வாசிப்பது அதைத்தான்.

தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுவது பிழையா?
– வாசகர், மாத்தளை

பிழையில்லை. தொடர் ஆய்வு செய்பவர் தன் முந்திய முறையைச் சொல்லாமல் எழுத முடியாது. ஆனால் மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கிலோவைக் கழிப்பதுபோல, இதையும் கழித்துப் பார்க்க வேண்டும். ஸ்கோப்பஸில் மேற்கோள் பார்வையைத் திறந்து "சுயமேற்கோளை நீக்கு" என்பதைத் தெரிந்தால் மீதி வரும். பேராதனை மாணவர் சொன்ன 268 என்பது 230 ஆனால் கவலையில்லை. 120 ஆனால் கேள்வி கேளுங்கள். உங்கள் கட்டுரைக்குச் சம்பந்தமில்லாத தன்னுடைய கட்டுரைகளைச் சேர்க்கச் சொல்லி மதிப்பாய்வாளர் கேட்டால், சேர்க்காமல், காரணத்தோடு பதிப்பாசிரியருக்கு எழுதுங்கள்.

விரிவுரையாளர் பதவி விண்ணப்பத்தில் இந்த எண்களை எப்படி எழுதுவது?
– வாசகி, பண்டாரவளை

விண்ணப்பப் படிவம் எந்தத் தரவுத்தளத்தைக் கேட்கிறதோ அதை மட்டும், திகதியோடு எழுதுங்கள்: "ஸ்கோப்பஸ், இத்தனையாம் திகதி நிலவரப்படி, கட்டுரைகள் 7, மேற்கோள் 58, எச்-சுட்டெண் 4." ஸ்கொலரின் மேற்கோளையும் ஸ்கோப்பஸின் கட்டுரை எண்ணிக்கையையும் கலக்க வேண்டாம், தெரிவுக்குழுவில் ஒருவர் நிச்சயம் திறந்து பார்ப்பார். சஞ்சிகைக் கட்டுரை, மாநாட்டுச் சுருக்கம், முன்பதிப்பு மூன்றையும் தனித்தனித் தலைப்பில் போடுங்கள். "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று எழுதினால் சஞ்சிகையின் கடிதம் கையில் இருக்க வேண்டும். அனுப்பிவிட்டுக் காத்திருப்பதை அப்படி எழுதக் கூடாது.

சஞ்சிகையின் இம்பெக்ட் ஃபெக்டரை ஒவ்வொரு கட்டுரைக்குப் பக்கத்திலும் போடும் பழக்கத்தைக் கைவிடலாம் என்பது எங்கள் அபிப்பிராயம். அந்த எண்ணை வைத்துத் தனி ஆளை மதிப்பிடக் கூடாது என்று ஆய்வு மதிப்பீடு பற்றி 2013இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனமும் சொல்கிறது. படிவத்தில் அதற்கென்று நிரல் இருந்தால் மட்டும் நிரப்புங்கள், கட்டுரை வந்த வருடத்துக்குரிய எண்ணாக.

அதற்குப் பதிலாக ஆகச் சிறந்த மூன்று கட்டுரைகளைத் தெரிந்து, ஒவ்வொன்றின் கீழும் மூன்று வரி எழுதுங்கள். என்ன கண்டீர்கள் என்பது முதல் வரி. அதில் உங்கள் கை எது என்பது இரண்டாவது: மாதிரி சேர்த்தீர்களா, பரிசோதனை செய்தீர்களா, புள்ளிவிவரம் பார்த்தீர்களா, எழுதினீர்களா. யார் அதைப் பயன்படுத்தினார்கள் என்பது மூன்றாவது. அது வைத்தியசாலை வழிகாட்டியாக இருந்தாலும் சரி, சுகாதார அமைச்சின் சுற்றறிக்கையாக இருந்தாலும் சரி, பிரதியை இணைத்துவிடுங்கள்.